செல்போன் வெள்ளாமை: ஒரு மண்டியியல் ஆய்வு

பவானி வட்டாரத்தில் நிலவும் ஒரு முரண்பாடு இன்னும் அறிஞர் கண்ணில் படவில்லை. கொல்லையில் வாடும் முருங்கைக்கு ஒரு குடம் ஊற்றாத வாலிபன், கட்டிலில் சாய்ந்துகொண்டு ‘ஸ்டார்டியூ வேலி’ ஆட்டத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் விடுகிறான். முகத்திலோ அப்படியொரு சாந்தம். கள ஆய்வில் பதிவான உரையாடல் இது:

“ஏங் கண்ணு, வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு. போயி மடையத் திருப்பிட்டு வந்தா ஆகாதா?”

“இருங்க அம்மிச்சி, இங்க காடு காயுது.”

இதைச் சோம்பல் என்பது பாமரர் கருத்து. விலையே காரணம் என்பது எமது கொள்கை. எரிக் பரோன் தனியாளாக உருவாக்கி 2016இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தில், கேரட்டுக்குப் பங்காளியான பார்ஸ்னிப் விதை 20 காசு. நான்கு நாளில் வெள்ளாமை. விற்றால் 35க்குக் குறையாது. வாசலில் ஒரு பெட்டி இருக்கும். சாயங்காலம் அதில் போட்டால் விடியும்போது பணம். கையில் அள்ளிப் பார்த்து உதட்டைப் பிதுக்க ஒரு வியாபாரி கிடையாது. ஈரோட்டு மஞ்சளோ மாதக்கணக்கில் மண்ணில் கிடந்து, வெந்து, காய்ந்து, பாலிஷ் ஏறி மண்டிக்குப் போனாலும் அன்றைய விலை அன்றைக்குத்தான் தெரியும். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு நிலைத்தது, விலைதான் நிலைக்கவில்லை.

கொள்கையைச் சோதிக்க இன்னோர் ஆட்டம் உண்டு. 2020இல் வந்த ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’. மீன் பிடிக்கலாம், பூச்செடி வளர்க்கலாம். எல்லாம் அமைதிதான், டர்னிப் கிழங்கு வாங்கும் வரை. ஞாயிறு காலையில் வாங்க வேண்டும். விற்கும் விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று. அடுத்த ஞாயிறுக்குள் தள்ளாவிட்டால் அழுகிவிடும். இதில் இறங்கியவர்கள் அடுத்தவர் தீவில் என்ன விலை என்று விசாரித்து அலைந்தார்கள். சாந்தம் போய்விட்டது, மண்டி வந்துவிட்டது. இதற்குமேல் நிரூபணம் தேவையில்லை.

பலன் கருதாப் பாசனத்துக்கு உள்ளூரிலேயே முன்னோடி உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் பவானியில் அணை கட்டி வாய்க்கால் வெட்டிய காலிங்கராயன், அந்தத் தண்ணீர் தன் வம்சத்துக்கு வேண்டாமென்று ஊத்துக்குளிப் பக்கம் போய்விட்டதாகச் செவிவழிக் கதை. ஆனால் அவர் முதலில் வாய்க்காலை வெட்டி முடித்தார். நம் வாலிபர் தரப்பு வாதம் இங்கே கொஞ்சம் நொண்டுகிறது.

தறியைப் பற்றி ஒன்று. ‘ஸ்டார்டியூ வேலி’ ஆட்டத்துத் தறியில் கம்பளியைப் போட்டால் நம் கடிகாரப்படி மூன்று நிமிடத்துக்குள் துணி வந்துவிடும். ஜமக்காளம் நெய்யும் பெரியவர் ஒருவரிடம் இதைக் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணி வருவதைப் பொறுமையாகப் பார்த்தார்.

“கூலி எவ்வளவுங்க குடுக்கறாங்க?” என்றார்.