செல்லும்... ஆனா வாங்க மாட்டாக

நாட்டரசன்கோட்டையில் ஒரு டீக்கடை. குடித்த டீக்குப் பத்து ரூபாய்க் காசு ஒன்றை நீட்டினேன். கடைக்காரர் அதைத் தொடவே இல்லை.

“நோட்டா இருந்தாக் குடுங்கண்ணே.”

“ஏன், இது செல்லாதா?”

“செல்லும்ணே. ஆனா வாங்க மாட்டாக.”

பத்து ரூபாய்க் காசின் பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே அறிவித்துவிட்டது. கடைக்காரரும் அதை மறுக்கவில்லை. செல்லும், வாங்க மாட்டார்கள், அவ்வளவுதான். நம் அரசமைப்புச் சட்டத்துக்கு இதைவிடச் சுருக்கமான உரையை நான் எங்கும் படித்ததில்லை.

இது நகரத்தார் ஊர். பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போனவர்களின் ஊர். காசைச் சுண்டிவிட்டு, எழும் ஓசையிலேயே நல்லதா கள்ளதா என்று சொன்ன விரல்கள் இங்கே இருந்தன. அந்த வழக்கப்படி, அரசுகள் பெருமையோடு அடித்த நினைவுக் காசுகள் சிலவற்றைச் சுண்டிப் பார்க்கிறேன். காசு என்றே எழுதுகிறேன். நாணயம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருப்பதால், அரசைப் பற்றிய கட்டுரையில் அதைப் புழங்கக் கை கூசுகிறது.

1975-ல் மகளிர் ஆண்டுக்காக இந்திய அரசு அடித்த காசில் மூன்று சொற்கள்: சமத்துவம், வளர்ச்சி, அமைதி. அதே ஆண்டு ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. முதலிரண்டு வாக்கு எப்படிப் போனாலும், மூன்றாவதை அரசு அட்சரம் பிசகாமல் காப்பாற்றியது. பத்திரிகைகள் அமைதி. நீதிமன்றம் அமைதி. சென்னை மத்திய சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு நிரந்தர அமைதி. 1977 மார்ச்சில் வாக்காளர்கள் அந்த ஆட்சியைக் கவிழ்த்து மக்களாட்சியை மீட்டார்கள். அந்த மீட்சிக்கு ஒரு காசு அடித்ததாக நான் கண்டதில்லை. அந்த ஆண்டின் காசில் இருந்த வாசகம், ‘வளர்ச்சிக்காகச் சேமிப்போம்’. நாமும் மார்தட்ட முடியாது. தமிழ்நாட்டில் அன்று பெரும்பாலான தொகுதிகளை அள்ளியது இந்திராவின் காங்கிரஸ் இருந்த அணிதான்.

கடல் தாண்டினாலும் இதே ஓசைதான். எல்லாருக்கும் வாக்குரிமை கிடைத்து 50 ஆண்டு என்று 1981-ல் இலங்கை அரசு ஐந்து ரூபாய்க் காசு வெளியிட்டது. அதே 1981-ல், மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தல் வாரத்தில், யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, பொதுத்தேர்தலே வேண்டாம் என்பதற்கு ஒரு வாக்கெடுப்பு வைத்து நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கொண்டார்கள்.

2023 மே 28. புதிய நாடாளுமன்றத் திறப்புக்கு 75 ரூபாய்க் காசு. 35 கிராம் எடை, பாதி வெள்ளி, விளிம்பில் 200 பற்கள். தமிழ்நாட்டுச் செங்கோலை நட்டுவைத்த நாளில் வந்த அந்தக் காசில் தமிழெழுத்து ஒன்றுகூட இல்லை. அன்றைக்கே, நீதி கேட்டு அந்தக் கட்டடத்தை நோக்கி நடந்த மல்யுத்த வீராங்கனைகளைப் போலீசார் தெருவில் இழுத்துப் போனார்கள். காசில் கட்டடம் இருக்கிறது, உறுப்பினர்கள் இல்லை. படத்துக்கும் நடப்புக்கும் பொருத்தம் வேண்டாமா? டிசம்பரில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேரை இடைநீக்கம் செய்து அந்தக் குறையையும் தீர்த்தார்கள். 2024-ல் கலைஞர் நூற்றாண்டுக் காசு வந்தது. அதில் தமிழ் இருந்தது: ‘தமிழ் வெல்லும்’. நூறு ரூபாய்க் காசு, திமுக தலைமையகமான அறிவாலயத்தில் விற்ற விலை 10,000 ரூபாய். வென்ற தமிழ் நமக்குக் கட்டுப்படியாகவில்லை.

இனி எங்கள் நாட்டரசன்கோட்டைப் பேரூராட்சி. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. நடக்கவிருந்த தேர்தலை அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்குப் போட்டது திமுக. அதன்பிறகு நடத்தாமல் இழுத்தடித்தது அதிமுக. வார்டு வரையறை, இட ஒதுக்கீடு, புதிய மாவட்டங்கள் என்று காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்கிறது அரசமைப்பின் 243யு பிரிவு. செல்லும், ஆனா வாங்க மாட்டாக. வாக்குச்சாவடி திறந்தது 2022 பிப்ரவரி 19-ல்.

வாக்குரிமைக்கும் நாடாளுமன்றத்துக்கும் காசு அடிக்கலாம் என்றால் நாட்டரசன்கோட்டைக்கும் ஒன்று அடியுங்கள். பெயரிலேயே நாடும் அரசனும் இருக்கிறார்களே. மாதிரி நானே தருகிறேன். முன்பக்கம், மன்றத்துக்குப் பதிலாக அரசு அமர்த்திய தனி அலுவலரின், முதுகில் துண்டு போர்த்திய நாற்காலி. பின்பக்கம், குழாயடியில் வரிசை பிடித்த காலிக் குடங்கள். விளிம்பில் 64 பற்கள், தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத மாதத்துக்கு ஒன்றாக. மதிப்பு பத்து ரூபாய், அப்போதுதான் யாரும் வாங்க மாட்டார்கள். வெளியீட்டு விழாவுக்கு இரண்டு கழகங்களும் ஒரே மேடை ஏறலாம். இந்தச் சாதனையில் இருவருக்கும் பங்கு உண்டு.

தனி அலுவலர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவரைத் திட்ட முடியாது, அதுதான் கோளாறு. அவர் பதில் சொல்வது மேலே, நமக்கல்ல. கவுன்சிலர் என்றால் செவ்வாய்க்கிழமை கண்ணாத்தா கோயில் வாசலில் ஓர் அப்பத்தா மடக்கிப் பிடித்து, “ஏப்பா, எங்க தெரு லைட்டு எரிஞ்சு எத்தன நாளாச்சு?” என்று நாலு பேர் முன்னால் கேட்கலாம். அவர் தலையைச் சொறிவார். மக்களாட்சியில் உண்மையிலேயே புழங்குகிற காசு அந்தத் தலைசொறிதல்தான். அதைத்தான் ஐந்தாண்டுக்கு மேல் எங்களிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தார்கள்.

எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது, சுற்றியுள்ள கிராமங்களிடமிருந்து பறிபோய்விட்டது. 2019 டிசம்பரில் வாக்களித்த சிவகங்கை மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்தது. மறுபடி தனி அலுவலர், மறுபடி துண்டு போர்த்திய நாற்காலி. இந்த முறை ஆட்சியில் இருந்தவர்கள், அன்று வழக்குப் போட்டவர்கள். 2025 முழுக்கத் தேர்தல் நடக்கவில்லை.

எங்கள் பேரூராட்சி மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. வாக்குக் கேட்டு வரும் எல்லாருக்கும் இப்போதே சொல்லி வைக்கிறோம்: எங்களுக்குக் காசு வேண்டாம். தேதியைச் சொல்லுங்கள்.