கேரனுக்குப் பொன்னாடை

கார்ப்பென்டர்ஸ் ரசிகர்கள் பொதுவாகச் சாதுக்கள். ராக் ரசிகர்களைப் போல நாற்காலியை உடைப்பதில்லை, தலைமுடியைத் தோள்வரை வளர்ப்பதில்லை. (இப்போது வளர்க்க நினைத்தாலும் வளராது என்பது வேறு விஷயம்.) 1973-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் கார்ப்பென்டர்ஸ் என்ற இந்த அண்ணன் தங்கை ஜோடியை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பாட வைத்து, இளைய அமெரிக்கா என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று புகழ்ந்து தள்ளினார். அடுத்த வருடமே அவர் பதவியை விட்டு இறங்க வேண்டியிருந்தது. நற்சான்றிதழ் மட்டும் இவர்களோடு தங்கிவிட்டது. இப்படிப்பட்டவர்களின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் எப்படி இருப்பார்கள்? கோபம் வந்தால் பெருமூச்சு விடுவார்கள். கடுங்கோபம் என்றால் இரண்டு பெருமூச்சு.

2018 டிசம்பரில் இந்தச் சாதுக்கள் மிரண்டார்கள்.

காரணம், ராயல் பில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்த்து வெளிவந்த ஓர் ஆல்பம். கேரன் கார்ப்பென்டர் 1983 பிப்ரவரியில் இறந்தபோது அவருக்கு வயது 32. அவர் பாடிவைத்த குரலைப் பழைய ஒலிநாடாக்களிலிருந்து பிரித்தெடுத்து, அதைச் சுற்றிப் புதிதாக வாத்திய இசை எழுதி, லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் கையில் கோலோடு நின்று நடத்தியவர் அண்ணன் ரிச்சர்ட். மொத்தம் 18 உருப்படிகள். ரிச்சர்ட் பிறந்தது 1946. தாமஸ் பீச்சம் அந்த இசைக்குழுவைத் தொடங்கியதும் 1946. இரண்டு பேருக்கும் ஒரே வயது, 72. அந்த வயதில் நம் வீட்டுப் பெரியவர்கள் பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பார்ப்பதோடு சரி. அவர் திருத்தத் தொடங்கிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் இந்த ஆல்பம் கிளப்பிய கலகத்தைச் சொல்ல வேண்டுமென்றால் மாமாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். மாமா வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு கார்ப்பென்டர்ஸ் மேல் இருப்பது வெறும் ரசனை அல்ல, தொழிற்சங்கப் பாசம். ‘வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்’ என்ற பாட்டு முதலில் கலிபோர்னியாவின் க்ராக்கர் வங்கிக்காக எடுத்த தொலைக்காட்சி விளம்பரத்தில்தான் வந்தது. பால் வில்லியம்ஸும் ரோஜர் நிக்கல்ஸும் எழுதியது. அதை டிவியில் பார்த்த ரிச்சர்ட் பிடித்துக்கொண்டார். 1970-இல் கேரன் பாடி, அமெரிக்கக் கல்யாண வீடுகளில் அது கெட்டிமேளம் மாதிரி ஆகிவிட்டது. “கடன் வாங்க ஆள் பிடிக்கப் போட்ட பாட்டுடா அது! எங்க பேங்க்ல காலண்டர்தான் போட்டோம்” என்பார் மாமா, பெருமையும் ஏக்கமுமாக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்த ஆல்பத்தை அவர் வீட்டு ஹாலில் போட்டேன். மாமா, அத்தை, மோளம் அடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு டிரம்ஸ் வாசிக்கும் அவர்கள் பையன் என்று சபை நிறைந்திருந்தது. முதலில் வருவது பாட்டில்லாத ஒரு முன்னிசை. அது முடிவதற்குள்ளேயே மாமா சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார்.

“இது என்ன, படம் ஆரம்பிக்கப் போகுதா?”

“ஓவர்ச்சர் மாமா.”

“கேரன் எப்ப வருவா?”

“வருவாங்க.”

வந்தார். ‘எஸ்டர்டே ஒன்ஸ் மோர்’. மாமாவின் முகம் ஒரு நிமிடம் கனிந்தது. அப்புறம் வயலின்கள் எழும்ப எழும்பப் புருவமும் எழும்பியது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் சங்கடம். அந்தப் பாட்டின் விஷயமே, சின்ன வயதில் ரேடியோவில் கேட்ட பாட்டுகள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன, கேட்டால் மனசு நிறைகிறது என்பதுதான். பழைய பாட்டு மாறாமல் இருப்பதைக் கொண்டாடும் பாட்டையே எடுத்து மாற்றி வைத்தால் மாமா யாரிடம் போய் முறையிடுவார்?

இங்கேதான் கார்ப்பென்டர்ஸ் ரசிகனின் துயரம் தனித்துவமானது. இதே இசைக்குழு 2015-இல் எல்விஸ் பிரஸ்லியின் குரலோடு சேர்ந்து ‘இஃப் ஐ கேன் டிரீம்’ என்று ஓர் ஆல்பம் போட்டது. இங்கிலாந்தில் அது முதலிடத்துக்குப் போனது. ராய் ஆர்பிசனுக்கும் பட்டி ஹாலிக்கும்கூட இப்படி நடந்தது. அந்த ரசிகர்கள் திட்டுவதற்கு ஆள் இருக்கிறது. கம்பெனிக்காரன் காசு பார்க்கிறான், இறந்தவர் இருந்திருந்தால் சம்மதித்திருப்பாரா என்று வாய் நிறையக் கேட்கலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. கெடுத்தவர் என்று நாங்கள் விரல் நீட்டும் ஆள்தான் முதலில் செய்தவரும். அந்தப் பாட்டுகளுக்கு வாத்திய இசை அமைத்தவர், பியானோ வாசித்தவர், கேரனோடு சேர்ந்து பின்னணிக் குரல்களை அடுக்கடுக்காகப் பாடிப் பதிந்தவர், எல்லாம் ரிச்சர்ட். அவரிடம் போய், “சார், நீங்க பண்ணினதை நீங்க கெடுக்கலாமா?” என்று எந்த முகத்தோடு கேட்பது? மாமா கேட்பார். விலாசம் தெரியாததால் என்னைக் கேட்டார்.

இன்னொரு கேள்வியும் உண்டு. வாத்திய கோஷ்டி இல்லாத பாட்டுக்கு வாத்தியம் சேர்த்தால் புரிகிறது. ‘சூப்பர்ஸ்டார்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1971-இல் வந்தபோதே அதில் ஓபோ உண்டு, யாழ் உண்டு, ஹார்ன் உண்டு, வயலின் வரிசை உண்டு. எழுபதுகளின் விமர்சகர்கள் இவர்களைத் திகட்டுகிறது, வழிகிறது என்று வைததே இந்த அலங்காரங்களுக்காகத்தான். அதற்கு மேல் இன்னொரு முழு இசைக்குழு என்றால், பட்டுப்புடவையில் மேடைக்கு வந்தவருக்குப் பொன்னாடை போர்த்துவது மாதிரி. மரியாதைதான், மறுக்க முடியாது. ஆனால் புடவையின் பார்டர் தெரியவில்லையே என்று முன்வரிசையில் நாலு பேர் எட்டிப் பார்க்கத்தான் செய்வார்கள்.

அந்தப் பாட்டில் கேரன் பாடியது இறுதிப் பதிவுக்காக அல்ல, வாத்தியக்காரர்களுக்கு வழிகாட்ட ஒரு மாதிரிக்குப் பாடியது. வரிகளை ஒரு காகித நாப்கினில் கிறுக்கிக் கொடுத்தார்கள்; அதைப் பார்த்துக்கொண்டே பாடிய முதல் தடவையே போதும் என்று வைத்துக்கொண்டார்கள். நாப்கினைப் பார்த்து ஒரே மூச்சில் பாடிய இருபது, இருபத்தொரு வயதுப் பெண்ணுக்காக, நாற்பத்தேழு வருடம் கழித்து ஓர் ஆர்க்கெஸ்ட்ரா முழுக்கக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு காத்திருக்கிறது. சாதாரணமாகப் பாடகர் கொஞ்சம் இழுத்தால் நடத்துநர் கோலைத் தாழ்த்திச் சமாளிப்பார், அவசரப்பட்டால் இவரும் ஓடுவார்; கண்ணைப் பார்த்து ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இங்கே அது நடக்காது. கேரன் யாருக்காகவும் நிற்கப் போவதில்லை. எழுபது பேரானாலும் அவர் பின்னால்தான் போக வேண்டும். இதைச் சொன்னபோது அத்தை, “நல்லதுதான் தம்பி, ஒரு பொண்ணு பேச்சை இத்தனை பேர் கேக்கறாங்களே” என்றார். அந்த ஆல்பத்தைப் பற்றி எங்கள் வீட்டில் விழுந்த முதல் பாராட்டு அது.

அடுத்தது மாமா பையன். அவன் கட்சி டிரம்ஸ். கேரன் தன்னை முதலில் டிரம்மர் என்றுதான் சொல்லிக்கொள்வார். நடுவில் பாடவும் செய்கிற டிரம்மர். பிறகு மேடையில் முன்னால் நின்று பாடினால்தான் ஜனங்களுக்கு முகம் தெரியும் என்று சொல்லி அவரை எழுப்பிக் கொண்டுவந்து மைக் முன்னால் நிறுத்தினார்கள். பையனுக்கு அந்தக் கோபம் அவன் பிறப்பதற்கு முன்னாலேயே இருந்திருக்க வேண்டும். ‘குளோஸ் டு யூ’ ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு, “பாரு மச்சான், வயலினைக் கொட்டிக் கேரனோட டிரம்ஸை மூடிட்டாங்க. பொம்பளைன்னா இப்படித்தான்” என்று குமுறினான். 1970-இல் அந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தவர் ஹால் பிளேன், லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் அந்தக் காலத்து ஹிட் பாட்டுகளில் பாதிக்கு வாசித்த மனிதர். நான் சொல்லவில்லை. நியாயமான கோபத்தை முகவரி தவறு என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது.

ராயல் பில்ஹார்மானிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரசிகர்களைச் சீண்டுவதில் அவர்களுக்கு முன் அனுபவம் உண்டு. 1981-இல் மொசார்ட், பீத்தோவன் மெட்டுகளை வரிசையாகக் கோத்து, அடியில் டிஸ்கோ தாளம் போட்டு ‘ஹுக்டு ஆன் கிளாசிக்ஸ்’ என்று இவர்கள் வாசித்தது விற்பனையில் பிய்த்துக்கொண்டு போனது. சாஸ்திரீய ரசிகர்கள் தலையிலடித்துக்கொண்டார்கள். நமக்கோ அந்தப் பெயர் வேறு விதத்தில் பரிச்சயம். இளையராஜாவின் சிம்பொனியை 1993-இல் லண்டனில் வாசித்துப் பதிவு செய்தவர்கள் இவர்கள்தான். அந்தப் பதிவு கடைக்கே வரவில்லை. வராத இசைத்தட்டு உயர்ந்ததா இல்லையா என்று நாம் முப்பது வருடம் சண்டை போட்டவர்கள். வந்த இசைத்தட்டுக்குச் சண்டை போட எங்கள் மாமாவுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

கார்ப்பென்டர்ஸுக்கும் இது முதல் ஆர்க்கெஸ்ட்ரா அல்ல. 1977-இல் ‘பாசேஜ்’ ஆல்பத்துக்கு லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மானிக்கே வந்து வாசித்தது. ஆனால் ஒப்பந்தச் சிக்கலால் உறையில் பெயரைப் போட முடியவில்லை. ‘ஓவர்பட்ஜெட் பில்ஹார்மானிக்’ என்று அச்சடித்துவிட்டார்கள். செலவு கையை மீறிய குழு! ரிச்சர்டுக்குச் சிரிக்கத் தெரியாது என்று சொல்கிறவர்கள் இதைப் படித்ததில்லை.

கார்ப்பென்டர்ஸ் ரசிகர்கள் சினந்து எழுந்தது இது முதல் தடவையும் அல்ல. 1972-இல் ‘குட்பை டு லவ்’ வந்தது. மென்மையான காதல் தோல்விப் பாட்டு. நடுவில் டோனி பெலூசோ என்ற இளைஞர் எலெக்ட்ரிக் கிடாரை உறுமவிட்டார். ரசிகர்கள் பதறிப்போய், எங்கள் பிள்ளைகள் ராக் கோஷ்டியில் சேர்ந்துவிட்டார்களா என்று வசைக் கடிதம் எழுதினார்கள். இன்றைக்கு அந்தக் கிடாரில் ஒரு நரம்பைத் தொட்டால் போதும், அதே ரசிகர்களின் வாரிசுகள் கொடி பிடித்து வருவார்கள். ஐம்பது வருடத்தில் அபசாரம் ஆகமமாகிவிட்டது.

மாமாவின் முடிவான வாதம் இதுதான்: “ஒரிஜினல்னு ஒண்ணு இருக்கு. அதுல கை வைக்கக் கூடாது.” கேட்க நன்றாக இருந்தது. ஆனால் எந்த ஒரிஜினல்? ‘டிக்கெட் டு ரைடு’ 1969-இல் வந்தது. 1973-இல் ஹிட் பாட்டுகளின் தொகுப்புக்காகக் கேரன் அதைத் திரும்பப் பாடினார். ‘டாப் ஆஃப் த வேர்ல்டு’ 1972 ஆல்பத்தில் இருப்பது ஒன்று, அடுத்த வருடம் தனித்தட்டாக வந்து முதலிடம் பிடித்தது வேறொன்று. முன்பு பாடியதில் கேரனுக்குத் திருப்தி இல்லை. ‘மெர்ரி கிறிஸ்துமஸ் டார்லிங்’ 1970-இல் பாடியதை 1978-இல் மறுபடி பாடினார். ஆக, கை வைப்பது அண்ணனுக்கு மட்டும் இருந்த வியாதி இல்லை, தங்கைக்கும் இருந்தது. அவர் போன பிறகும் ரிச்சர்ட் நிறுத்தவில்லை. 1985 தொகுப்புக்குப் பல பாட்டுகளை மறுபடி மிக்ஸ் செய்தார். 1991-இல் வந்த பெட்டித் தொகுப்புக்கு மறுபடியும். நடுவில் ராப் பாடுகிற நம்மூர் ரீமிக்ஸ் அல்ல. இங்கே பியானோ கொஞ்சம் தெளிவாகட்டும், அங்கே எதிரொலி கூடட்டும் என்கிற ரகம். கண்டுபிடிக்கக் காது வேண்டும். சண்டை போட அது தேவையில்லை.

“நான் எழுபத்திநாலுல பர்மா பஜார்ல வாங்கினேன். இதுதான் ஒரிஜினல்” என்று மாமா பீரோவிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துவந்தார். பிளாஸ்டிக் உறை விரிசல் விட்டிருந்தது. பையன் வாங்கி, உள்ளே மடித்திருந்த தாளைப் பிரித்துப் பொடி எழுத்தைப் படித்தான்.

“அப்பா, 1985-னு போட்டிருக்கு.”

“அது பேப்பர் அடிச்ச வருஷம்.”

“‘நியூலி ரீமிக்ஸ்டு’ன்னும் போட்டிருக்கு.”

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பத்து நான்கு வருடம் வங்கியில் இருந்தவருக்குக் கணக்கு இடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாதா?

“அப்ப எண்பத்தஞ்சுதான் ஒரிஜினல்” என்றார். “எழுபதுல வந்தது டிரயல்.”

இதை அத்தையால் தாங்க முடியவில்லை. “எழுபத்திநாலுல வாங்கினதுன்னு சொல்லித்தானே இந்தக் கேசட்டை என்னைத் தொடவே விடல? எண்பத்தஞ்சுல நமக்குக் கல்யாணம் ஆகி ஆறு வருஷம். எந்தக் காசுல வாங்கினீங்க? அப்ப எனக்கு மிக்ஸி வாங்கித்தரக் கையில பணம் இல்லன்னு சொன்னீங்களே!”

ராயல் பில்ஹார்மானிக் அடுத்த பாட்டுக்கு வந்திருந்தது. மாமா என் பக்கம் திரும்பி, சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.