இறங்காத அணியின் ரசிகன்

தூத்துக்குடி கால்பந்து ரசிகப் பெருமக்களுக்கு ஒரு நற்செய்தி. 2024-25 வரை உங்கள் அணி இறங்கியதே இல்லை. ஒரு வருஷமும் இறங்கியதில்லை. இருபத்திரண்டு ஆட்டத்தில் ஒன்றே ஒன்றை ஜெயித்த அணியும் இறங்கவில்லை. ஆட்டக்காரனுக்குச் சம்பள பாக்கி வைத்த அணியும் இறங்கவில்லை. கடைசி இடத்துக்கு வந்தவனைக் கீழ்ப் பிரிவுக்கு அனுப்பும் அந்த அநாகரிகமான வழக்கத்துக்கு, இந்தியன் சூப்பர் லீக் 2014-இல் பிறந்தபோதே தடுப்பூசி போட்டுக்கொண்டுவிட்டது.

ஆனால் நம்ம பயல்களுக்கு இந்தச் சுகம் பிடிப்பதில்லை. தருவை மைதானத்தின் பக்கம் சாயங்காலம் டீ குடிக்கிற கூட்டத்தில் பாதிப்பேர் இங்கிலாந்து கிளப் சட்டைதான் போட்டிருக்கிறார்கள். 2025 மே மாதம் டாட்டன்ஹாம் பதினேழாவது இடத்தில் போய் நின்றபோது, அதற்குக் கீழே மூன்றே மூன்று அணிகள். லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்டன் மூன்றும் முன்கூட்டியே மூழ்கித் தொலைத்ததால் தப்பித்தார்கள். "அவனுவ மட்டும் ஒழுங்கா ஆடிருந்தா நம்ம கதி அதோகதில" என்று லண்டனில் இருக்கும் அணிக்காகத் திரேஸ்புரத்துக்காரன் நெஞ்சைத் தடவிக்கொள்கிறான். இன்னும் எத்தனை ஆட்டம், எத்தனை புள்ளி, கோல் வித்தியாசம் எவ்வளவு, எவன் எவனிடம் தோற்றால் நாம் பிழைப்போம் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறான். பள்ளிக்கூடத்தில் கழித்தல் வராத பயல்.

அவனிடம் "நம்ம சென்னையின் எஃப்.சி. என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். உதட்டைப் பிதுக்குவான். அதே 2024-25-இல் சென்னையின் எஃப்.சி. பதின்மூன்று அணிகளில் பதினொன்றாவது. உருப்படியான நாடாக இருந்தால் முதலாளிக்குத் தூக்கம் போயிருக்கும், முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஆட்டம் பார்க்கப் போன ரசிகனுக்குத் தொண்டை போயிருக்கும். இங்கே யாருக்கும் எதுவும் போகவில்லை. பதினொன்றும் ஒன்றுதான், பதின்மூன்றும் ஒன்றுதான். கடைசி இடத்தில் நின்ற முகமதன் ஸ்போர்ட்டிங் அந்தச் சீசனில்தான் கீழேயிருந்து ஏறி வந்திருந்தது. வந்த வருஷமே கடைசி. அதுவும் இறங்கவில்லை.

2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பன்னிரண்டு பணக்கார கிளப்புகள் கூடி, தாங்கள் ஒருபோதும் இறங்காத ஒரு சூப்பர் லீக் தொடங்கப் போவதாக அறிவித்தன. சொந்த ரசிகனே தெருவில் இறங்கிக் கத்தினான். மூன்று நாளில் கடை கட்டினார்கள். அவர்களுக்கு விவரம் பத்தாது. அப்போதே இந்தியாவுக்கு ஒரு ஆளை அனுப்பியிருந்தால், ஏழு வருஷமாக இந்த வியாபாரத்தை எதிர்ப்பில்லாமல் நடத்துவது எப்படி என்று பாடம் எடுத்திருப்போம்.

விதி இல்லாமலும் இல்லை. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு கோலாலம்பூரில் எல்லாரையும் உட்கார வைத்து ஒரு வழித்தடம் போட்டுக் கொடுத்தது. முதலில் கீழ்ப் பிரிவான ஐ-லீக்கின் சாம்பியன் மேலே ஏற வேண்டும், 2024-25-இல் ஏற்றமும் இறக்கமும் முழுசாக வர வேண்டும். ஏற்றம் வந்தது. 2023-இல் பஞ்சாப் ஏறியது, 2024-இல் முகமதன் ஏறியது. இறக்கம் மட்டும் வழியில் எங்கேயோ இறங்கிக்கொண்டது.

இனிச் சொல்லப் போவதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். 2023-24 சீசன். மேல் லீக்கில் ஐதராபாத் எஃப்.சி. கடைசி. இருபத்திரண்டு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. (அந்த ஒன்றையும் சென்னைக்கு வந்து நம்மிடமே வாங்கிக்கொண்டு போனார்கள். வந்தாரை வாழ வைக்கும் தமிழ்நாடு.) ஆட்டக்காரர்களுக்குச் சம்பள பாக்கி, வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள், பையன்களை வைத்துச் சமாளித்தார்கள். அதே சீசனில் கீழே ஐ-லீக்கில் கடைசி இரண்டு இடங்களில் நெரோகா, டிராவ். இரண்டும் இம்பால் அணிகள். 2023 மே மாதம் மணிப்பூர் பற்றி எரியத் தொடங்கியதால் சொந்த மைதானத்தில் ஆட முடியாமல், சொந்த ஊர் ஆட்டங்களை வேறு மாநிலங்களில் ஆடிய அணிகள். வீட்டில் என்ன நடக்கிறதோ என்று கைபேசியைப் பார்த்துக்கொண்டே பூட்ஸ் மாட்டிய பையன்கள்.

யாரை இறக்கினார்கள்? நெரோகாவையும் டிராவையும். விதி என்றால் விதி. ஊர் எரிந்தால் அது உன் பாடு, புள்ளி இல்லையென்றால் கீழே போ. ஐதராபாத்துக்கு அடுத்த வருஷமும் மேலேயே நாற்காலி.

இறக்கத்துக்குப் பதிலாக நம்மிடம் நகர்த்தல் என்றொரு சுதேசிக் கண்டுபிடிப்பு உண்டு. டெல்லி டைனமோஸ் தேறவில்லையா, 2019-இல் புவனேசுவரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒடிஷா எஃப்.சி. என்று பெயர் மாற்று. புனே சிட்டி மூடப்படுகிறதா, அந்த இடத்தில் ஐதராபாத்தை உட்கார வை. ஐதராபாத்தும் தேறவில்லையா, 2025-இல் அதை டெல்லிக்கு ஓட்டிப் போய் ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி என்று பலகை மாட்டு. டெல்லியில் தொடங்கி டெல்லிக்கே வந்து சேர்ந்தாயிற்று. நடுவில் மூன்று ஊர் ரசிகன் மேளமும் கொடியுமாக மைதான வாசலில் நிற்கிறான். கிளப்பைக் காணோம். ஐதராபாத்காரனின் அணி கீழ்ப் பிரிவுக்குப் போயிருந்தால் அங்கேயாவது போய்ப் பார்த்திருப்பான்.

நம்ம கோயம்புத்தூரில் என்ன நடந்தது? 2019 மார்ச்சில் சென்னை சிட்டி எஃப்.சி. கடைசி நாள் ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று அடித்து ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது. நேரு மைதானமே ஆடியது. அந்த வருஷம் சாம்பியனுக்கு ஏற்றம் கிடையாது. வழித்தடம் போட்டது ஏழு மாதம் கழித்து. 2021-க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலிலேயே அந்தப் பெயர் இல்லை. ஜெயித்தவனுக்கு ஏற ஏணி இல்லை, தோற்றவனுக்கு விழப் பள்ளம் இல்லை. இதற்குப் பெயர் லீக்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்ட ரசிகனுக்கு 2025 ஜூலையில் புதுக் கணக்கு வந்தது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010 டிசம்பரில், 15 வருஷத்துக்கு, 700 கோடி ரூபாய்க்கு, இந்த ஆட்டத்தின் வணிக உரிமை முழுவதையும் குத்தகைக்கு விட்டிருந்தது. குத்தகை 2025 டிசம்பரில் முடிகிறது, அடுத்து என்ன என்று தெரியவில்லை, ஆகவே லீக் நிறுத்தம் என்று நடத்தும் கம்பெனி சொல்லிவிட்டது. பதினைந்து வருஷ ஒப்பந்தம் என்றைக்கு முடியும் என்பது பதினைந்து வருஷத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி. காலண்டர் கிழிக்கத் தெரிந்த ஒருவன்கூட சம்மேளனக் கட்டடத்தில் இல்லை. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. வேலையை நிறுத்தியது. வேறு சில கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தின.

"ஏல, நம்ம டீம் எறங்கிருமா?"

"லீக்கே இருந்தாத்தானல எறங்குறதுக்கு!"

குத்தகை இந்தக் கடலுக்குப் புதிதில்லை. 1906-இல் இலங்கை அரசாங்கம் மன்னார் முத்துப் பார்களை லண்டன் கம்பெனி ஒன்றுக்கு இருபது வருஷக் குத்தகைக்கு விட்டது. இங்கேயிருந்து போன பரதவக் குளியாட்களும் அங்கே மூச்சடக்கி மூழ்கினார்கள். முதல் இரண்டு முத்துக்குளிப்பில் சிப்பி கிடைத்தது. 1907-க்குப் பிறகு பார் வெறுமை. குத்தகைக் காலத்தில் பாதிகூட முடியுமுன் கம்பெனி திவால். அதே 1906-இல் இந்தக் கரையில் இன்னொரு கம்பெனியும் எழுந்தது. பங்கு ஒன்று 25 ரூபாய் என்று ஊர் ஊராகப் போய் விற்று வ.உ.சி. கப்பல் விட்டார். அதை வெள்ளைக்காரன் கெடுத்தான். கால்பந்தைக் கெடுக்க வெள்ளைக்காரன் வர வேண்டியதில்லை, நாமே போதும். கடல் ஏமாற்றினால் சிப்பி நகர்ந்துவிட்டது, நீரோட்டம் மாறிவிட்டது என்று காரணம் சொல்லலாம். இங்கே எந்த நீரோட்டத்தைச் சொல்வார்கள்?

அப்புறம் நடந்தது நாடகக் கொட்டகைக்குரியது. புதிதாக டெண்டர் விட்டார்கள். நவம்பரில் பெட்டியைத் திறந்தார்கள். ஒரு ஆள் கேட்கவில்லை. நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாட்டின் முதல்தரக் கால்பந்தை எடுத்து நடத்த ஒரே ஒரு ஆள் கிடைக்கவில்லை. கருவாட்டுக் கூடையை ஏலத்தில் வைத்தால்கூட நம்ம ஊரில் நாலு பேர் விலை கேட்பான். கடைசியில் 2026 ஜனவரியில் மத்திய விளையாட்டு அமைச்சர் வந்து, பிப்ரவரி 14-இல் பதினான்கு அணிகளோடு லீக் தொடங்கும் என்று அறிவித்தார். ஆளுக்கு ஆள் ஒரே தடவை மோதல், மொத்தம் 91 ஆட்டம். பாதிச் சாப்பாட்டுக்கு முழு இலை. அதற்குச் சில நாள் முன்புதான் தேசிய அணியின் மூத்த ஆட்டக்காரர்கள் எங்களைக் காப்பாற்றுங்கள் என்று உலகக் கால்பந்துச் சங்கத்திடம் வீடியோவில் கெஞ்சினார்கள். கோல் காப்பவன் தன் சோற்றைக் காக்கக் கும்பிட வேண்டிய நிலை.

கீழே ஐ-லீக்கில் இன்னும் விசேஷம். 2024-25 கோப்பையை சர்ச்சில் பிரதர்ஸ் கையில் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து, சுவிட்சர்லாந்தின் லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம், சாம்பியன் அவர்கள் இல்லை, இன்டர் காசி என்றது. யார் முதல் என்பதையே லொசானில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய லீக்கில், யார் கடைசி என்று ரசிகன் எந்தத் தாளில் கணக்குப் போடுவான்?

இத்தனைக்கும் நடுவில் ஒன்று மட்டும் விதி தவறாமல் இறங்கியது. நாட்டு அணி. 2023 ஜூலையில் உலகத் தரவரிசையில் 99. 2025 நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 1-0 என்று தோற்ற பிறகு 142. 2027 ஆசியக் கோப்பைக்கும் தகுதி இல்லை.

நாற்காலிகள் இறங்கினவா? அன்றைய சம்மேளனத் தலைவர் பிரஃபுல் படேலின் பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்தது. அவரை எழுப்ப 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. அந்த ஆகஸ்டில் உலகச் சங்கம் இந்தியாவையே தடை செய்து, பத்துப் பன்னிரண்டு நாளில் மன்னித்தது. செப்டம்பரில் தேர்தல். நாட்டுக்காக ஆடி ஓய்ந்த பாய்ச்சுங் பூட்டியா ஒரு பக்கம், முன்னாள் கோல்கீப்பரும் பாஜககாரருமான கல்யாண் சௌபே மறுபக்கம். 33-1. இந்தியக் கால்பந்தில் கடைசியாக இவ்வளவு கோல் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டம் அதுதான்.

காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்கம் மௌலானா ஆசாத் பெயரில் அகில இந்தியப் போட்டி நடத்துகிறது. வெளி மாநிலத்து அணிகள் வரும், ஊரே மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். அங்கே சட்டம் எளிது. தோற்றாயா, பெட்டியைத் தூக்கு. அதே சட்டத்தை டெல்லிக்கும் போட்டுப் பார்க்கலாம் என்று டீக்கடையில் ஒரு யோசனை வைத்தேன். வருஷம் முடிந்ததும் சம்மேளனத்தில் உள்ளவர்களுக்கு ஒரு புள்ளிப் பட்டியல். தரவரிசையில் ஓரிடம் சரிந்தால் ஒரு புள்ளி கழிவு, நிறுத்திய சம்பளத்துக்கு மூன்று, கேட்பாரில்லாத டெண்டருக்கு ஐந்து. கடைசி மூன்று பேர் கீழ்ப் பிரிவுக்கு. மணப்பாடு மணலில் வேட்டியை மடித்துக் கட்டிச் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும், பந்துக்குக் காற்றடிக்க வேண்டும், தண்ணீர்க் குடம் சுமக்க வேண்டும். சேர்ந்தாற்போல் மூன்று வருஷம் ஒழுங்காகச் செய்தால் மேலே ஏறலாம்.

பயல்கள் கை தட்டினார்கள். ஓரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் மட்டும் தலையை ஆட்டினார்.

"வேண்டாம் தம்பி. அவனுவள இங்க அனுப்பிராதிய. நம்ம மணலயும் பதினஞ்சு வருசத்துக்குக் குத்தகைக்கு விட்டுட்டுப் போயிருவானுவ."