வில்லிஸ் ஜீப்பின் தாகம்

கேள்வி: என்னிடமுள்ள 1943-ஆம் ஆண்டு வில்லிஸ் ஜீப்பின் ரேடியேட்டர் ஒழுகுகிறது, புதியதன் விலையோ மலைக்க வைக்கிறது. மலிவாக வழி உண்டா?

பதில்: உண்டு, பல் சொத்தையானால் தலையையே மாற்றுவாருண்டோ? 1941 முதல் 1945 வரை யுத்த களத்துக்கென்றே உற்பத்தியான அந்த வாகனத்தின் ரேடியேட்டரில், பழுதுபடுவது பெரும்பாலும் மெல்லிய குழல்களும் தகடுகளும் சேர்ந்த நடுப்பாகமாகிய கோரே ஆதலால், மேல் தொட்டியையும் கீழ்த் தொட்டியையும் அப்படியே வைத்துக்கொண்டு, அனுபவமுள்ள ரேடியேட்டர் பட்டறையில் புதிய கோர் ஒன்றைப் பொருத்திப் பற்றவைக்கச் சொல்வதே, சிக்கனமும் பூர்வ ரூபத்தைக் காப்பதுமான மார்க்கம். பிறகு ரேடியேட்டரை நீரில் அமிழ்த்திக் காற்றைச் செலுத்துங்கள். ஒரு குமிழிகூட எழாவிட்டால் காரியம் ஜயம். எஞ்சினுக்குள் படிந்த துருவையும் மறவாமல் அலசிவிடுங்கள். இல்லையேல் அது புதிய குழல்களையும் அடைத்துவிடும்.