ஸ்டக்கதிகாரம்: ஹால் கம்ப்யூட்டரில் படம் நின்று போதல் குறித்த ஓர் ஆய்வு

டிவிக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் படம் திடீரென்று நிற்கும். யாரும் எதுவும் செய்யாமலே மறுபடி ஓடும். இந்த நிகழ்வுக்கு எங்கள் வீட்டில் மட்டும் நான்கு பெயர்கள். அப்பா ‘மாட்டிக்கிச்சு’ என்பார். அம்மாவுக்கு ‘நின்னு நின்னு வருது’. தங்கைக்கு ‘ஸ்டக் ஆகுது’. கம்ப்யூட்டர் கடைத் தம்பிக்கு ‘ஹேங் ஆகுதா சார்?’. நான்கனுள் ‘ஸ்டக்’ என்பதையே இவ்வாய்வு கொள்கிறது. அதோடு ‘அதிகாரம்’ சேரும்போது ககரம் இரட்டித்து, ஒரு நூற்பெயருக்கு வேண்டிய கம்பீரம் வந்துவிடுகிறது. முன்னால் ‘ஸ்’ நிற்கையில் டகரத்தைத் தனிக்குறில் என்று எப்படிச் சொல்வீர் என வினவும் புலவர்க்கு என்னிடம் விடை இல்லை.

முதலில் அளவு. தமிழ் இலக்கணத்தில் காலத்தை அளக்கக் கண்ணிமையும் கைந்நொடியும் இருக்கின்றன. ஒருமுறை இமைப்பது ஒரு மாத்திரை. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். ஆக ஒரு ஃப்ரேம் மட்டும் தடுக்கினால் அது சுமார் 42 மில்லிநொடி, அதாவது கிட்டத்தட்டக் கால் மாத்திரை. இலக்கணத்தில் மகரக்குறுக்கத்துக்கும் இவ்வளவு சொற்ப காலமே உண்டு. எனவே இதற்கு மகரக்குறுக்க ஸ்டக் என்று பெயரிடுகிறேன். எதிர்ப்பவர்கள் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் குறுக்கத்தின் பிறப்பு சுவையானது. 1953இல் அமெரிக்கர்கள் டிவிக்கு வண்ணம் சேர்த்தபோது, வண்ணத்துக்கான சிக்னல் ஒலிக்கான சிக்னலோடு உரசாமல் இருக்க, ஃப்ரேம் வேகத்தை 1001க்கு 1000 என்ற கணக்கில் குறைத்தார்கள். அன்றிலிருந்து அந்த உலகில் 24 என்பது 23.976. நம் ஊரில் 1001 என்றால் மொய். அவர்களும் ஒரு ரூபாயைச் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். வசூல் இன்றுவரை நம்மிடம் நடக்கிறது. 23.976இல் இருக்கும் படத்தை 24இல் வைத்த டிவியில் ஓட்டினால், ஏறத்தாழ 42 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃப்ரேம் இரண்டு தடவை காட்டப்படும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில் ஒரு சின்னத் துடிப்பு. பெரும்பாலோர் கண்ணுக்குப் படாது. பட்டவர்களுக்கு வாழ்நாள் முழுதும் படும். விண்டோஸ் பட்டியலில் 23, 24 என்று இரண்டும் இருக்கும். அந்த 23தான் உண்மையில் 23.976. நான் 23ஐத் தேர்ந்தபோது அப்பா, “இருக்கறதுலயே குறைஞ்சதை ஏன்டா வைக்கிற?” என்றார்.

குறுக்கம் நிற்க. இவ்வாய்வின் பொருள் அளபெடை ஸ்டக். அதாவது ஏழெட்டு நொடி நீள்வது.

அது நிகழ்ந்த இடம் ‘தில்லானா மோகனாம்பாள்’. 1968இல் வந்த படம். நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சீவாளி உதட்டில் இருக்க, இரண்டு கன்னமும் உப்பிய நிலையில் சிவாஜி நின்றார். ஒலியும் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. அப்பா நாற்காலி நுனிக்கு வந்து, “தம் கட்டறாருடா, பாரு” என்றார். ஐந்தாவது நொடியில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இனிக் காரணம். சைவ சித்தாந்திகள் அளவை மூன்று என்பர்: காட்சி, கருதல், உரை. காட்சியே நின்றுபோன இடத்தில் காட்சியளவை உதவாது. ஆகவே குடும்பம் மற்ற இரண்டுக்கும் நேரே போயிற்று.

வைரஸ் என்பார் ஒருசாரார். அவர் அப்பா. அவர் நோக்கில் வைரஸ் என்பது பழைய காலத்துக் காற்று, கருப்பு போன்ற ஒன்று, எதற்கும் பொருந்தும். பார்மேட் போட்டுவிடலாம் என்பார் இன்னொரு சாரார். அவர் கடைத் தம்பி. நோய் எதுவாயினும் மருந்து ஒன்றே என்னும் அந்த ஏகாந்தவாதத்தில் ஓர் அழகு உண்டு, மறுப்பதற்கில்லை. கோடெக்கில் கோளாறு என்பது என் கொள்கை. ஹெச்இவிசி என்னும் சுருக்கமுறை 2013இல் வந்தது. அதற்கு முந்தைய சிப்புகள் அதை வன்பொருளால் அவிழ்க்கத் தெரியாமல், முழுச் சுமையையும் பிராசஸர் தலையில் ஏற்றும். அழகான கொள்கை. இதை நிறுவ மூன்று வாரம் உழைத்தேன். டிரைவரைப் புதுப்பித்தேன். ஃபேனில் அப்பிக்கிடந்த தூசியைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்து, தெர்மல் பேஸ்ட்டை மாற்றினேன். சூடு குறைந்தது. சாட்டா கேபிளை மாற்றினேன். கேபிள் புதிதானது. ஸ்டக் மட்டும் அப்படியே இருந்தது.

நான்காவது கொள்கை அம்மாவினுடையது: “உங்க சித்தி போன் பண்ணாலே படம் நிக்குது.”

இதைக் கேட்டு மூவரும் சிரித்தோம் என்பதை ஆய்வு நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன். சித்தி கண் வைக்கிறாள் என்பதாக அதற்கு உரையும் எழுந்தது. அது அம்மா வாயால் வந்ததல்ல, அப்பாவின் இடைச்செருகல்.

என் கொள்கையை அழித்தது டாஸ்க் மேனேஜர். ஒருநாள் படம் நின்ற கணத்தில் அதைத் திறந்து வைத்திருந்தேன். பிராசஸர் கவலையற்றுக் கிடந்தது. கோடெக் குற்றவாளியாக இருந்திருந்தால் அது மூச்சுவாங்கியிருக்க வேண்டும். மழை, கூட்டம், திருவிழா என்று காட்சி கனக்கும் இடங்களில் நின்றிருக்க வேண்டும். இங்கோ சிவாஜி தனியாக இருக்கும் இடத்திலும் நிற்கிறது. ஆனால் டிஸ்க் வரிசையில் ஒரு விந்தை: வேலை 100 சதவீதம், வேகம் 0. முழுமூச்சாக எதையும் செய்யாமல் இருப்பது எப்படி என்று எனக்கு வீட்டிலேயே உதாரணம் உண்டு. அது இங்கே வேண்டாம்.

டிவியை ம்யூட் செய்துவிட்டு, ஸ்டாண்டுக்குப் பின்னால் காதை வைத்துக் கேட்டேன். ஒரு ‘டிக்’. பிறகு கிரைண்டரைத் தூரத்தில் போட்டது போல மெல்ல ஏறும் ‘உய்ங்’. அது ஏறி முடிந்ததும் படம் ஓடியது. உறங்கிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க் எழுந்த ஓசை.

விண்டோஸில் யாரும் கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கும் ஏற்பாடு ஒன்று: 20 நிமிடம் யாரும் தொடாவிட்டால் ஹார்ட் டிஸ்க்கை நிறுத்திவிடும். எங்கள் வீட்டில் விண்டோஸ் இருப்பது எஸ்எஸ்டியில், படங்கள் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். ஆகவே ஒன்று தூங்கினாலும் மற்றது விழித்திருக்கும், மௌஸும் மெனுவும் ஒழுங்காக வேலை செய்யும், சந்தேகம் வராது. படத்தைப் பாஸில் போடுகிறோம். 20 நிமிடம் தாண்டுகிறது. மறுபடி பிளே கொடுத்தால், முன்பே படித்து நினைவகத்தில் வைத்திருந்த கையிருப்பு கொஞ்ச நேரம் ஓடும். அது தீர்ந்ததும் பிளேயர் டிஸ்க்கிடம் கை நீட்டும். டிஸ்க் அப்போதுதான் எழுந்து சுழலத் தொடங்கும். பிளே அழுத்திய உடனே நிற்காமல், ஓடிவிட்டு நிற்பதால்தான் பாஸுக்கும் ஸ்டக்குக்கும் உள்ள உறவு யாருக்கும் தெரியவில்லை.

அற்றேல், 20 நிமிடத்துக்கு மேல் படத்தைப் பாஸில் போட வைக்கும் ஆற்றல் எங்கள் வீட்டில் எதற்கு உண்டு எனின், ஒன்றுக்கே உண்டு. காலிங் பெல்லுக்கு இரண்டு நிமிடம். பால் பொங்கினால் மூன்று. சாப்பாடு டிவி முன்னாலேயே நடக்கும். சித்தி போன் 40 நிமிடம்.

அதாவது, மூன்று வாரத்தில் சேர்ந்த தரவு முழுவதோடும் பொருந்திய ஒரே கொள்கை அம்மாவுடையது. மலையில் புகை கண்டு நெருப்பு உண்டென்று சரியாகவே சொல்லியிருக்கிறாள். நாங்கள்தான் புகையைப் பார்க்காமல் மலையைக் கழற்றித் தூசு தட்டிக்கொண்டிருந்தோம்.

பவர் ஆப்ஷன்ஸில் போய் 20ஐ அழித்து 0 ஆக்கினேன். இங்கே 0 என்றால் ‘ஒருபோதும் நிறுத்தாதே’. (யுஎஸ்பியில் தொங்கும் வெளி டிஸ்க்குகள் சிலவற்றின் பெட்டிக்குள்ளேயே தனிக் கடிகாரம் உண்டு, அவை விண்டோஸ் பேச்சைக் கேளா.)

சோதனைக்கு ஞாயிறு மாலை குறிக்கப்பட்டது. சித்தியின் அழைப்பு வந்தது. படம் பாஸ் செய்யப்பட்டது. 52 நிமிடம். திரும்பி வந்த அம்மா உட்கார்ந்ததும் பிளே அழுத்தினேன். நாதஸ்வரம் இடையறாமல் ஒலித்தது. அம்மாவைப் பெருமிதத்தோடு பார்த்தேன்.

“நிக்கலையே” என்றாள். “இன்னிக்கு மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினேன்ல, அதான்.”