பெயர்ப்பலகை மாறியது, பந்து வரவில்லை

அமெரிக்காவில் ஒரு கல்லூரி ஃபுட்பால் அணி லீக் மாறினால் ஊரே அமளிதுமளிப்படும். 2024 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் பழைய கூட்டாளிகளைக் கைகழுவிவிட்டு, நாட்டின் மறுகோடி நியூ ஜெர்சி அணியும் இருக்கிற லீக்கில் போய்ச் சேர்ந்தன. காரணம் டிவிக்காரர்கள் கொட்டும் பணம். வெட்கங்கெட்ட வியாபாரம்தான். இருந்தாலும் அணியின் வாய்ப்பு கூடுமா குறையுமா என்று மாதக்கணக்கில் அலசினார்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கல்லூரி அணிகளும் லீக் மாறியிருக்கின்றன. ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. எவரும் பைசா தரவில்லை. ஆடுகிறவனை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

நம் ஊரில் லீக் என்றால் பல்கலைக்கழகம். எந்தப் பல்கலைக்கழகத்தில் கல்லூரி இணைந்திருக்கிறதோ அதன் போட்டியில்தான் ஆட முடியும். புதுக்கோட்டை மன்னர் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. 1982ல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்ததும் திருச்சிப் பக்கம் வந்தது. அது நல்ல மாற்றம், ஒத்துக்கொள்கிறேன். காலையில் பஸ் ஏறினால் ஆடிவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடலாம்.

கூத்தெல்லாம் இன்ஜினியரிங் கல்லூரிகளில்தான். பாரதிதாசனில் இருந்தவற்றை 2001ல் சட்டம் போட்டு அண்ணா பல்கலைக்கழகத்துக்குத் தூக்கினார்கள். 2007ல் அதையே உடைத்து, திருச்சிக்குத் தனி அண்ணா பல்கலைக்கழகம் என்றார்கள். ஆட்சி மாறியது, 2012ல் எல்லாவற்றையும் மறுபடி ஒட்டிச் சென்னைக்கே அனுப்பினார்கள். பிரிக்கும்போது நிர்வாக வசதி, சேர்க்கும்போது தரம். 2009ல் திருச்சியில் சேர்ந்த பையன் 2013ல் சென்னையின் பட்டதாரி. இடையில் அவன் எங்கும் போகவில்லை. அதே ஹாஸ்டல், அதே சாம்பார்.

இதில் ஃபுட்பால் ஆடுகிறவனுக்கு என்ன ஆனது? கல்லூரிகளுக்கு இடையே போட்டி நடத்தி, நன்றாக ஆடுகிறவர்களைப் பொறுக்கி, ஒரு பல்கலைக்கழகம் ஓர் அணியைத் தென்மண்டலப் போட்டிக்கு அனுப்பும். சென்னை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, மதுரை என்று ஐந்து அண்ணா பல்கலைக்கழகம் இருந்தால் ஐந்து அணி. ஒன்றாக ஒட்டினால் ஒரே அணி, பதினெட்டு இருபது பேர். நம் மாவட்டத்துக் கீரனூர்ப் பையன் இனி மாநிலம் முழுக்க இருக்கிற நூற்றுக்கணக்கான கல்லூரிகளோடு முட்டி மோத வேண்டும். மத்திய அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டில் பல்கலைக்கழக அணிக்கு ஆடிய சான்றிதழ் செல்லும். கல்லூரி அணிக்கு ஆடிய சான்றிதழ் டீக்கடையில்கூடச் செல்லாது. சட்டசபையில் மேசை தட்டிய கைகளுக்கு இந்தக் கணக்கு என்ன தெரியும்?

சரி, அணியின் வாய்ப்பு எப்படி என்கிறீர்களா? நான் பார்த்த ஒரு கல்லூரியைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். இரண்டு கோல் கம்பம். ஒன்றில் ஹாஸ்டல் லுங்கி காய்கிறது. நடுக்கோட்டில் கருவை முள். பாதிப் பேருக்கு பூட்ஸ், மீதிப் பேருக்கு கான்வாஸ். பந்து அறைச் சாவி பி.டி. சாரிடம். பி.டி. சார் எங்கே? அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க ஊர் ஊராகப் பிளஸ் டூ பையன்களின் வீட்டு வாசலில் நிற்கிறார். இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வருகிற அன்று மட்டும் மைதானத்துக்குக் கல்யாணக் களை வரும். சுண்ணாம்புக் கோடு போடுவார்கள், வலை மாட்டுவார்கள், பந்துக்குக் காற்றடிப்பார்கள். கமிட்டியின் கார் கேட்டைத் தாண்டியதும் வலை அலமாரிக்குப் போய்விடும். இந்த அணியைச் சென்னையில் சேர்த்தால் என்ன, ஸ்பெயின் லா லீகாவில் சேர்த்தால் என்ன? முதல் சுற்றில் தோற்று, சொந்தக் காசில் பரோட்டா தின்றுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கும். மறுநாள் வகுப்பில், “எங்கேடா போய் ஊர் சுற்றிவிட்டு வர்றே?” என்ற வரவேற்பு வேறு.

இந்தப் புதுக்கோட்டை மண்ணில் ஆளா இல்லை? கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைக் கூலிகளின் மகள், 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். 2012ல் அவரே சூளைக் கூலிக்குப் போகிற செய்தி நாடெங்கும் வந்தது. பல்கலைக்கழகங்களை ஒட்டுவதில் கோட்டை மும்முரமாக இருந்த அதே வருடம். பெயர்ப்பலகை எழுதப் பெயிண்ட் வாங்கக் காசு இருந்தது ஐயா, அதற்கு மட்டும் எப்போதும் இருக்கும்.

நாளைக்கு இன்னொரு ஆட்சி வரும், இன்னொரு மசோதா வரும், மறுபடி உடைப்பார்கள். அதுவரை பெற்றோர் ஒரு வேலை செய்யலாம். பிள்ளையின் கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். விளையாட்டுக்கு என்று ஒரு தொகை இருந்தால், அதில் எத்தனை பந்து வாங்கினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் போதும். தனியார் கல்லூரி என்றால் தாளாளரின் அறைக்கே போய்க் கேளுங்கள். அட்மிஷனுக்கு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தவர்கள்தானே அவர்கள்.