பாலம் தாண்டும் பெரியவர்

ஸ்ரீரங்கத்துப் பெரியவர் திருச்சிக்குப் போவதென்றால் முதல் நாளே வீட்டில் அறிவித்துவிடுவார். "நாளைக்குத் திருச்சிக்குப் போறேன். யாருக்காவது ஏதாவது வாங்கணுமா?" மறுநாள் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, மஞ்சள் பையில் குடை, தண்ணீர் பாட்டில், மூக்குக் கண்ணாடி எல்லாம் எடுத்துவைத்து, வாசலில் சகுனம் பார்த்துக் கிளம்புவார். ஏறுவது ஒன்றாம் நம்பர் டவுன் பஸ். நடுவில் இருப்பது காவிரி. அதில் தண்ணீர் ஓடாத மாதங்களில் நடந்தேகூட அந்தப் பக்கம் போய்விடலாம்.

அவருடைய பூகோளம் தனி. உத்திர வீதியில் இருந்தால்தான் ஊருக்குள் இருப்பதாக அர்த்தம். சித்திரை வீதி வரைக்கும் ஒப்புக்கொள்வார். அடையவளஞ்சான் வந்தால் "கொஞ்சம் தள்ளிப் போயிட்டா" என்று உச்சுக் கொட்டுவார். திருவானைக்காவல் அடுத்த ஊர், மாம்பழச்சாலை எல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் பாவம், ஏதோ பிழைப்புக்காக அங்கே இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் அவர் படித்தது அக்கரையில், செயின்ட் ஜோசப் கல்லூரியில். உத்தியோகம் திருவெறும்பூர் பெல்லில். பல் கட்டியது தில்லைநகரில். பெண் கல்யாணத்துக்குப் புடவை எடுத்தது என்.எஸ்.பி. ரோட்டில். பிறந்ததும் பெருமாள் சேவித்ததும் தவிர, வாழ்க்கையில் உருப்படியாக அவர் செய்த காரியமெல்லாம் திருச்சியில்தான். கேட்டால், "சுஜாதாகூட ஜோசப்லதான் படிச்சார். அதனால அவர் திருச்சி எழுத்தாளர் ஆயிடுவாரா?" என்று திருப்பிக் கேட்பார். பதில் கிடையாது.

1994-இல் அரசாங்கம் ஸ்ரீரங்கம் நகராட்சியையும் பொன்மலை நகராட்சியையும் திருச்சியோடு சேர்த்து மாநகராட்சி ஆக்கியது. பெரியவர் இன்னும் அதற்குச் சம்மதம் தரவில்லை. "அது வரி வசூலுக்குப் பண்ணின ஏற்பாடு" என்பார். ஒழுங்காக வரி கட்டிவிடுவார். ஆனால் ரசீதில் 'திருச்சிராப்பள்ளி மாநகராட்சி' என்று இருக்கிற பக்கம் உள்ளே போகும்படி நான்காக மடித்து, பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்துவிடுவார்.

அவருக்கு ஜோடி ஒருவர் அக்கரையில் இருக்கிறார். மலைக்கோட்டை அடிவாரத்து மனிதர், பெல்லில் உடன் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் இருவரும் சத்திரம் பேருந்து நிலையத்தருகே சந்தித்துக்கொள்வார்கள். வாரம் ஒருமுறை ஊர்ச்சண்டை போடாவிட்டால் இரண்டு பேருக்கும் ஜீரணமாகாது.

"சாமி, எங்க மலை இருநூத்தி எழுபது அடிக்கு மேல. உங்க கோபுரம் இருநூத்தி முப்பத்தாறுதான்."

"மலை தானா முளைச்சது ஓய். அதுல உம்ம சாமர்த்தியம் என்ன? கோபுரம் நாங்க கட்டினது."

"எப்ப கட்டினீங்க? நான் பையனா இருக்கும்போது அது மொட்டைக் கோபுரம். 1987-லதானே கும்பாபிஷேகமே ஆச்சு?"

"நானூறு வருஷத்துக்கு மேல பொறுமையா இருந்தோம். உம்ம ஊர்ல சிக்னல்ல ஒரு நிமிஷம் நிக்கறாளா?"

இதற்குள் அக்கரைக்காரர் துருப்புச் சீட்டை எடுத்துவிடுவார். விபீஷணன் ரங்கநாதரை இலங்கைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, மாட்டுக்காரப் பையனாக வந்து அவரைக் காவிரிக் கரையில் இறக்கி வைத்தது யார்? உச்சிப் பிள்ளையார். "எங்க ஆள் மட்டும் அன்னிக்குக் கைய விடலேன்னா, நீங்க வைகுண்ட ஏகாதசிக்குக் கொழும்புக்கு டிக்கெட் போட்டிருக்கணும் சாமி."

பெரியவர் அசரமாட்டார். "அதுக்குத்தான் விபீஷணன் துரத்திண்டு போய் மலை உச்சியில வச்சு நறுக்குனு குட்டினான். இன்னும் தலையில வடு இருக்காம், போய்ப் பாரும்."

"சரி, பெருமாள் எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கார்? தெற்கே. தெற்கே என்ன இருக்கு? திருச்சி! அவருக்கே எங்க ஊர்லதான் கண்ணு."

"அவர் பார்க்கறது இலங்கையை ஓய். நடுவுல நீங்க மறைக்கறேள்."

சண்டை முடிந்ததும் இருவரும் மெயின்கார்டு கேட் பக்கம் போய் ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள். பெரியவருக்குத் தொண்டை கட்டும், ஆனாலும் சாப்பிடுவார். ஸ்ரீரங்கத்தில் காபி இருக்கிறது, புளியோதரை இருக்கிறது, ரேழியில் காற்று இருக்கிறது. தெரு சுற்றிச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே விடும். யாருக்கும் அவசரம் கிடையாது. ஆனால் பெரியகடை வீதியில் நாலு பேர் இடித்துக்கொண்டு போகும்போது கிடைக்கிற சுறுசுறுப்பு அங்கே இல்லை. இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதேபோல அக்கரைக்காரரும் ராப்பத்து நாட்களில் சத்தமில்லாமல் பஸ் ஏறிவந்து ஆயிரங்கால் மண்டபத்தருகே கூட்டத்தில் நிற்பார். யாராவது பார்த்துவிட்டால், "கலெக்டர் லீவு விட்டுட்டார், வீட்ல சும்மாதான் இருந்தேன்" என்பார்.

2022 செப்டம்பரில் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள். 1976-இல் கட்டிய பாலம். அடுத்த மார்ச் வரையில் பஸ்ஸெல்லாம் சென்னை பைபாஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு போயின. பெரியவர் முதல் வாரம், "நிம்மதி! ஸ்ரீரங்கம் மறுபடி ஸ்ரீரங்கமா ஆச்சு" என்று திண்ணையில் அறிக்கை விட்டார். இரண்டாம் வாரம் ஜெர்தா பாக்கு ஒரு பொட்டலம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கெஞ்சினார். மூன்றாம் வாரம் தண்ணீர் பாட்டிலும் குடையுமாகச் சுற்றுவழிப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். சண்டை பாக்கி இருந்தது.

இவர்கள் இருவரையும் ஒன்று சேர்க்க எந்த அரசாணையாலும் முடியாது. ஒரு மதுரைக்காரரால் முடியும். சமீபத்தில் பழைய சகா ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மதுரைக்குப் போயிருந்தார்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர், "திருச்சியில என்னங்க இருக்கு, பஸ் மாறுறதுக்குத்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டார். பெரியவருக்கு ரசம் இறங்கவில்லை. "நம்ம திருச்சியைத் தலைநகராக்கணும்னு எம்.ஜி.ஆர். நெனச்சார், தெரியுமோ?" என்று ஆரம்பித்தார். அக்கரைக்காரர், "நம்ம ரங்கநாதர் கோயில் நூத்தி அம்பத்தாறு ஏக்கர்" என்று எடுத்துக் கொடுத்தார். பெல், பொன்மலை ரயில்வே பணிமனை, கல்லணை, ஏழு பிராகாரம், புது விமான முனையம் என்று மாறி மாறி அடுக்கினார்கள். மதுரைக்காரர் மோரைக் குடிக்காமலே எழுந்துவிட்டார்.

திரும்பும் வேனில் அக்கரைக்காரருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. "என்ன இருந்தாலும் நாம ஒரே ஊர்தானே சாமி?"

பெரியவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து எந்த ஊர் என்று தெரிந்துகொண்டார்.

"விராலிமலை தாண்டற வரைக்கும் ஒரே ஊர்தான், ஓய்."